உட்பொதிந்த லினக்ஸ் முறைமையை ஆக்குதலும் ஆக்கக் கணினியின் பொதிகளை ஒழுங்குபடுத்தலும்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
விளக்கக் கட்டுரையும் பயிற்சி வினாக்களும்



பணிசெயல் முறைமை, மொழிமாற்றிகள், செய்நிரலாக்கம் ஆகிய மூன்று அலகுகளையும் நீங்கள் தனித்தனியே படித்திருப்பீர்கள். வரைவிலக்கணங்களும் மனனமாயிருக்கும். ஆயினும் "ஒரு கணினியில் ஆக்கிய செய்நிரல் வேறொரு கருவியில் ஏன் இயங்காது?" என்று வினாவைச் சற்றே திருப்பிக் கேட்டால் பலர் பேனாவைக் கீழே வைத்துவிடுகின்றனர். அலகுகள் தனித்தனியாக மனத்தில் இருப்பதே இதற்குக் காரணம். மூன்றும் ஒன்றுசேரும் உண்மையான வேலை ஒன்றைப் படிப்படியாகப் பார்த்தால் இவ்விடர் நீங்கும். சிறு கருவி ஒன்றுக்கான லினக்ஸ் முறைமையைத் தானியங்கு முறையில் ஆக்குவதே அவ்வேலை. இங்கு வரும் மென்பொருட் பெயர்களை மனனஞ் செய்யத் தேவையில்லை. காரணங்களை விளங்கிக் கொள்ளுங்கள்.

1. உட்பொதிந்த முறைமை என்றால் என்ன?

மேசைக் கணினியிற் கடிதம் எழுதலாம், படம் பார்க்கலாம், கணக்கு வைக்கலாம். அது பல பணிகளுக்குரியது. சலவை இயந்திரம், இலத்திரனியல் தராசு, வீட்டிலுள்ள இணைய றவுட்டர் ஆகியவற்றினுள்ளும் முறைவழியாக்கியும் நினைவகமும் உண்டு. ஆனால் அவை ஒரு குறித்த பணிக்கென்றே அமைந்தவை. அப்பணிக்கான மென்பொருள் கருவியினுள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும். இத்தகைய கணினி முறைமை உட்பொதிந்த முறைமை எனப்படும்.

மிகச் சிறிய கருவிகள் பணிசெயல் முறைமை எதுவுமின்றியே இயங்கும். றவுட்டர் போன்றவை அப்படியல்ல. அவை வலையமைப்பைக் கையாள வேண்டும், கோப்புகளைப் பேண வேண்டும், பல செயல்களை ஒருங்கே நடத்த வேண்டும். எனவே அவற்றுக்குப் பணிசெயல் முறைமை தேவை. 1991 இல் லினஸ் ரோவால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் திறந்த மூல மென்பொருளாகையால், எவரும் அதனைத் தம் கருவிக்கேற்ப வெட்டிக் குறுக்கிப் பயன்படுத்தலாம்.

சில உண்மை நிகழ்வுகளைக் காண்க:

(அ) லிங்சிஸ் நிறுவனம் 2002 இன் இறுதியில் விற்பனைக்கு விட்ட டபிள்யூஆர்ரி54ஜி என்னும் றவுட்டரினுள் இயங்கியது லினக்ஸே. அதன் மூலநிரல் 2003 இல் வெளியிடப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்டு 2004 இல் ஓப்பன்டபிள்யூஆர்ரி என்னும் திறந்த மூலச் செயற்றிட்டம் தோன்றியது.

(ஆ) பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகப் பேராசிரியர்களும் பொறியியலாளர்களும் சேர்ந்து உருவாக்கிய சிம்பியூட்டர் என்னும் கைக்கணினியின் முன்மாதிரி 2001 இல் வெளிவந்தது. ஸ்ரோங்ஆர்ம் முறைவழியாக்கியில் லினக்ஸை இயக்கிய கருவி அது.

(இ) சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் வடிவமைக்கப்பட்ட சக்தி என்னும் முறைவழியாக்கி, றிஸ்க்-வி கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுவது. இன்ரெல் ஆலையில் ஆக்கப்பட்ட அதன் சில்லுகள் 2018 இல் லினக்ஸை இயக்கின.

இம்மூன்று கருவிகளிலும் முறைவழியாக்கிகள் வெவ்வேறு. நாம் மென்பொருள் எழுதும் மேசைக் கணினியின் முறைவழியாக்கியோ இவை எல்லாவற்றிலிருந்தும் வேறானது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

2. ஆக்கக் கணினியும் இலக்குக் கருவியும்

ஒவ்வொரு வகை முறைவழியாக்கியும் தனக்குரிய பொறிமொழியை மாத்திரமே அறியும். மேசைக் கணினிக்கென்று தொகுக்கப்பட்ட செய்நிரலை ஆர்ம் முறைவழியாக்கியிலே இட்டால் அது இயங்காது. ஆகவே கருவியில் இயங்க வேண்டிய செய்நிரலைக் கருவியின் பொறிமொழிக்கே மாற்ற வேண்டும்.

"அப்படியானால் கருவியிலேயே தொகுத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். பல கருவிகளில் அதற்குப் போதிய நினைவகம் இல்லை, வேகம் இல்லை, விசைப்பலகையும் திரையும் இல்லை. எனவே வலுக் கூடிய கணினியிலே தொகுத்து, விளைவைக் கருவிக்கு ஏற்றுகிறோம்.

ஆக்கக் கணினி: மென்பொருளை ஆக்கும் வேலை நடைபெறும் கணினி. லினக்ஸ் வழக்கில் இது 'ஹோஸ்ற்' எனப்படும்.

இலக்குக் கருவி: ஆக்கப்பட்ட மென்பொருள் இறுதியில் இயங்கும் கருவி. இது 'டார்கெற்' எனப்படும்.

குறுக்குத் தொகுப்பான்: ஆக்கக் கணினியில் இயங்கிக்கொண்டு, இலக்குக் கருவிக்குரிய பொறிமொழியைத் தரும் தொகுப்பான்.

இதனை எமது கரையோரத்து உதாரணத்தால் விளங்கிக் கொள்ளலாம். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938 இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அக்கப்பல் கடலேறியபோது அதனைக் கட்டிய வாளும் உளியும் சீவுளியும் துறப்பணமும் முட்டுமரங்களும் கரையிலேயே நின்றன. அவை கப்பலின் பகுதிகளல்ல. ஆயினும் அவையின்றிக் கப்பல் இல்லை. பாயும் நங்கூரமும் சுக்கானுமோ கப்பலோடு போக வேண்டியவை.

இவ்வேறுபாடே ஹோஸ்ற் பொதிக்கும் டார்கெற் பொதிக்கும் உள்ள வேறுபாடு. ஆக்கும்போது மாத்திரம் பயன்பட்டு ஆக்கக் கணினியிலேயே தங்குவது ஹோஸ்ற் பொதி. கருவியோடு போய் அங்கே இயங்குவது டார்கெற் பொதி.

கவனிக்க: சில மென்பொருள்கள் இரு வகையாகவும் தேவைப்படும். இலக்குக் கருவிக்குரிய பைதன் மொழிமாற்றியை ஆக்குவதற்கே, ஆக்கக் கணினியில் இயங்கும் பைதன் ஒன்று வேண்டும். பெயர் ஒன்று, மூலநிரலும் ஒன்று. ஆனால் தொகுக்கப்படும் பொறிமொழியும் வைக்கப்படும் இடமும் வேறு.

3. பில்ட்றூட்: ஆக்கும் வேலையைத் தானியங்கச் செய்தல்

லினக்ஸ் கருனி, கட்டளைச் செய்நிரல்கள், நூலகங்கள் என நூற்றுக்கணக்கான பகுதிகளை ஒவ்வொன்றாகப் பதிவிறக்கி, ஒழுங்கு தவறாமல் தொகுப்பது மனிதர் கையால் ஆகக்கூடிய வேலையன்று. அதனைத் தானியங்கச் செய்யும் திறந்த மூலக் கருவிகளுள் ஒன்றே பில்ட்றூட். 2001 இல், யூசிலிப்சி என்னும் சிறு நூலகத்தை ஆக்கியோர் தம் நூலகத்தைச் சோதிப்பதற்கென இதனைத் தொடங்கினர். 2009 முதல் ஆண்டுக்கு நான்கு தடவை, பெப்ரவரி, மே, ஓகஸ்ற், நவெம்பர் மாதங்களில், புதிய வெளியீடு வருகிறது.

அதன் செயன்முறையைப் பாய்ச்சற் கோட்டுப்படமாக வரையத்தக்க ஐந்து படிகளாகச் சொல்லலாம்:

படி 1: ஆக்கக் கணினியில் அடிப்படைக் கருவிகள் உளவா எனச் சரிபார்த்தல். தொகுப்பான், மேக், பேர்ள், ரார், பற்ச், அன்சிப் முதலியன முன்னரே நிறுவப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் வேலை தொடங்காது, எது குறைகிறது என்ற செய்தி திரையில் வரும்.

படி 2: ஹோஸ்ற் பொதிகளை ஆக்குதல். குறுக்குத் தொகுப்பானும் இதனுள் அடங்கும்.

படி 3: அவற்றைக் கொண்டு டார்கெற் பொதிகளைத் தொகுத்தல்.

படி 4: இலக்குக் கருவியின் கோப்பு முறைமையை உருவாக்குதல்.

படி 5: கருவியில் ஏற்றத்தக்க படிமக் கோப்பை ஆக்குதல்.

குறுக்குத் தொகுப்பானும் ஒரு ஹோஸ்ற் பொதியே என்பதைக் கவனியுங்கள். அது தருவது இலக்குக் கருவியின் மொழி, ஆனால் அது இயங்குவது ஆக்கக் கணினியில். ஒரு பொதி எவ்வகையது எனத் தீர்மானிக்கும்போது "அது எதனைத் தருகிறது?" என்று கேட்கலாகாது. "அது எங்கே இயங்குகிறது?" என்றே கேட்க வேண்டும்.

விளைவுகள் யாவும் 'அவுட்புட்' என்னும் கோப்புறையில் தனித்தனி அறைகளாக வைக்கப்படும். 'ஹோஸ்ற்' என்னும் உட்கோப்புறையிலே கரையில் நிற்கும் கருவிகள் இருக்கும். 'டார்கெற்' என்பதிலே கருவிக்குப் போவன இருக்கும். 'இமேஜஸ்' என்பதிலே முடிவான படிமங்கள் இருக்கும்.

4. ஹோஸ்ற் பொதிகள் தெரிவாகும் இரு வழிகள்

பில்ட்றூட்டில் 'மேக் மெனுகொன்பிக்' என்ற கட்டளையை இட்டால் தெரிவுப் பட்டி ஒன்று திரையில் தோன்றும். எந்த முறைவழியாக்கி, எந்தப் பொதிகள், எவ்வகைக் கோப்பு முறைமை என்பவற்றை அங்கே தெரிவு செய்கிறோம். தெரிவுகள் யாவும் அமைவுக் கோப்பு ஒன்றிற் பதியப்படும். இதில் ஹோஸ்ற் பொதிகள் இரு வழிகளில் உள்ளே வரும்.

வழி 1 – தானாக வருதல். பெரும்பாலான ஹோஸ்ற் பொதிகள் பட்டியிலே கண்ணிற் படுவதேயில்லை. ஒரு டார்கெற் பொதி எந்த ஹோஸ்ற் பொதியிலே தங்கியுள்ளது என்பது அதன் விவரக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். டார்கெற் பொதியைத் தெரிந்தவுடன் அது தங்கியுள்ள ஹோஸ்ற் பொதி தானாக, முன்னதாக ஆக்கப்படும்.

வழி 2 – நாம் தெரிதல். பட்டியின் இறுதிப் பகுதியில் 'ஹோஸ்ற் யூட்டிலிட்டீஸ்' என்னும் தலைப்பு உண்டு. எந்தப் பொதியும் கேளாத, ஆனால் நமது தேவைக்கு வேண்டிய ஹோஸ்ற் பொதிகளை அங்கே நாமே தெரிவு செய்ய வேண்டும். சில பொதிகளுக்கு உட்தெரிவுகளும் உண்டு. ஹோஸ்ற் பைதனைத் தெரிந்தால், அதற்கு எஸ்எஸ்எல் என்னும் பாதுகாப்புத் தொடர்பு வசதி வேண்டுமா, வேண்டாமா என்பதையும் தெரியலாம்.

தெரிவுகளுக்கிடையிலான தொடர்பைத் தருக்கப் படலையில் நீங்கள் படித்த உண்மை அட்டவணையாலே காட்டலாம். 'ஆ' என்னும் பொதி தெரியப்பட்டால் 'அ' என்னும் ஹோஸ்ற் பொதியும் இருந்தேயாக வேண்டும் எனக் கொள்க. தெரியப்பட்டமை 1, தெரியப்படாமை 0. ஏற்புடைய நிலை 1, ஏலாத நிலை 0.

அ = 0, ஆ = 0 → 1
அ = 0, ஆ = 1 → 0
அ = 1, ஆ = 0 → 1
அ = 1, ஆ = 1 → 1

நான்கு நிலைகளில் ஒன்றே ஏலாதது. இவ்வட்டவணைக்குரிய கோவை: அ அல்லது (ஆ இன் மறுதலை). மனிதர் நினைவில் வைத்துக்கொண்டு தவிர்க்க வேண்டிய அந்த ஒரு நிலையைக் கணினி தானே தவிர்ப்பதுதான் தானியங்கலின் பயன். ஆயினும் விவரக் கோப்பில் எழுதப்பட்ட தொடர்பை மாத்திரமே கணினி அறியும். எழுதப்படாத தொடர்பை அது ஊகித்தறியாது. அடுத்த பகுதி இதைப் பற்றியது.

5. ஓர் உதாரணம்: நினைவட்டைப் படிமம்

வடமராட்சி நீரேரி கடலோடு சேரும் இடம் தொண்டைமானாறு. கடல்நீர் உட்புகாமல் தடுக்கும் கதவுகளையுடைய அணை அங்குள்ளதை நீங்கள் அறிவீர்கள். அவ்வணையருகே நீர்மட்டத்தை மணிக்கொரு தடவை அளந்து பதியும் சிறு கருவி ஒன்றை அமைக்க உங்கள் பாடசாலைக் கணினிக் கழகம் கருதியது எனக் கொள்க. கருவியாக றாஸ்பெரி பை 4 என்னும் சிறு கணினிப் பலகையை எடுத்துள்ளீர்கள். அதன் முறைவழியாக்கி ஆர்ம் வகையினது. அது நினைவட்டையிலிருந்து தொடங்கும்.

நினைவட்டையிலே இரு பிரிவுகள் வேண்டும்.

முதலாம் பிரிவு: தொடக்கக் கோப்புகளும் கருனியும் இருக்கும் பிரிவு. பலகை தொடங்கும்போது வாசிக்கத்தக்கதாக இது எப்ஏரி வகைக் கோப்பு முறைமையாக இருத்தல் வேண்டும்.

இரண்டாம் பிரிவு: செய்நிரல்களும் நூலகங்களும் இருக்கும் பிரிவு. இது லினக்ஸுக்குரிய எக்ஸ்ற்4 வகை.

இரண்டாம் பிரிவை ஆக்கத் தேவையான 'ஈ2எப்எஸ்புரோக்ஸ்' என்னும் ஹோஸ்ற் பொதி தானாகவே வரும். "எக்ஸ்ற்4 வேண்டும்" என நாம் பட்டியிலே தெரிந்ததும், அதற்கு இப்பொதி தேவை என்பது பில்ட்றூட்டுக்குத் தெரியும். இது வழி 1.

ஆனால் இரு பிரிவுகளையும் ஒரே படிமமாக இணைப்பது, ஆக்கத்தின் கடைசியில் இயங்கும் ஸ்கிரிப்ற் எனப்படும் கட்டளைக் கோவை ஒன்று. அதற்கு மூன்று கருவிகள் தேவை:

(i) ஜென்இமேஜ் – பிரிவுகளைச் சேர்த்து முழுப் படிமத்தை ஆக்குவது.
(ii) டொஸ்எப்எஸ்ரூல்ஸ் – வெறுமையான எப்ஏரி கோப்பு முறைமையை உருவாக்குவது.
(iii) எம்ரூல்ஸ் – அந்த எப்ஏரி பிரிவினுள் கோப்புகளை நகலிடுவது. இதற்கு நிருவாகி அதிகாரம் தேவையில்லை.

கட்டளைக் கோவையின் உள்ளே என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைப் பில்ட்றூட் வாசித்து அறிவதில்லை. எனவே இம்மூன்றையும் நாமே வழி 2 இன்படி தெரிவு செய்ய வேண்டும். பில்ட்றூட்டுடன் வரும் றாஸ்பெரி பை 4 இற்குரிய ஆயத்த அமைவுக் கோப்பைத் திறந்து பார்த்தால், இம்மூன்று ஹோஸ்ற் பொதிகளும் அங்கே வெளிப்படையாகத் தெரியப்பட்டிருப்பதைக் காண்பீர்கள்.

6. தெரியாமல் விட்டால் என்ன நடக்கும்?

மூன்றில் ஒன்றைத் தெரியாமல் விட்டீர்கள் எனக் கொள்க. இரண்டு விளைவுகளில் ஒன்று நேரும்.

விளைவு 1: கருனி, நூலகங்கள், செய்நிரல்கள் எல்லாம் நீண்ட நேரம் தொகுக்கப்பட்டு, கடைசிப் படியிலே "இக்கட்டளை இல்லை" என்ற வழுச்செய்தியோடு வேலை நின்றுவிடும். நேரம் வீணாகும். எனினும் குறை கண்முன்னே தெரிகிறது, திருத்திவிடலாம்.

விளைவு 2: உங்கள் கணினியில் எம்ரூல்ஸ் வேறொரு காரணத்திற்காக முன்னரே நிறுவப்பட்டிருக்கிறது. பில்ட்றூட் தனது 'ஹோஸ்ற்' கோப்புறையிலே முதலிற் தேடும். அங்கே இல்லாவிடின் கணினியில் நிறுவப்பட்டதை எடுத்துக்கொள்ளும். படிமம் சரியாகவே வரும், கருவியும் இயங்கும். குறை வெளியே தெரியாது.

இரண்டினுள் எது மோசமானது? பல மாணவர் முதலாவதைச் சொல்வர். உண்மையில் மோசமானது இரண்டாவதே. மூன்று வருடங்கள் கழிந்து மாரி மழையின்போது கருவியின் நினைவட்டை பழுதாகிறது என வைத்துக்கொள்ளுங்கள். அதனை ஆக்கிய மாணவர் பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டார். அப்போது தரம் 10 இல் இருக்கும் ஒருவர் அமைவுக் கோப்பை எடுத்து வேறு கணினியில் ஆக்கிப் பார்க்கிறார். வேலை நின்றுவிடுகிறது. "எங்கட கணினியில ஓடினது, உங்கட கணினியில ஏன் ஓடேல்லை?" என்ற கேள்விக்கு விடை சொல்ல எவருமில்லை. வெள்ளம் வரும் நாளில் நீர்மட்ட அளவு இல்லை. முன்னையவருடைய கணினியிலே தற்செயலாக இருந்த ஒரு பொருளில் முழு வேலையும் தங்கியிருந்தது, அது எங்கும் எழுதப்படவில்லை.

எனவே விதி இது: ஆக்கத்துக்குத் தேவையான ஒவ்வொரு கருவியும் ஒன்றில் அமைவுக் கோப்பிலே எழுதப்பட்டிருக்க வேண்டும், அன்றேல் தங்கியிருத்தலாக விவரக் கோப்பிலே எழுதப்பட்டிருக்க வேண்டும். கணினியில் ஏற்கெனவே இருப்பதை நம்பக்கூடாது.

"அப்படியானால் படி 1 இல் தொகுப்பானும் மேக்கும் கணினியில் முன்னரே இருக்க வேண்டும் என்றீர்களே?" என நீங்கள் வினவலாம். நல்ல வினா. முதல் உளியைச் செய்வதற்கும் ஏதோ ஒரு கருவி வேண்டும். முதற்றொகுப்பானைத் தொகுப்பதற்கும் ஒரு தொகுப்பான் வேண்டும். அந்த மிகச் சிறிய தொகுதியை மாத்திரம் பில்ட்றூட் கணினியிடமிருந்து பெறுகிறது. அதையும் சரிபார்த்தே பெறுகிறது. உதாரணமாக, கணினியிலுள்ள ரார் அல்லது சிமேக் பொருத்தமற்ற பதிப்பாயின், அதனை விடுத்துத் தனக்கென ஹோஸ்ற் பொதியாக ஒன்றை ஆக்கிக்கொள்ளும்.

7. அமைவுக் கோப்பைப் பேணுதல்

முழு அமைவுக் கோப்பில் ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். அவற்றிற் பெரும்பாலானவை இயல்புநிலைப் பெறுமானங்கள். 'மேக் சேவ்டெப்கொன்பிக்' என்ற கட்டளை, இயல்புநிலையிலிருந்து நாம் மாற்றியவற்றை மாத்திரம் சுருக்கி எழுதும். சில பத்து வரிகளே வரும். கணினிக் கழகத்தின் பதிவேட்டிலே இச்சுருக்கக் கோப்பையும், பயன்படுத்திய பில்ட்றூட் வெளியீட்டின் எண்ணையும் சேர்த்து வைத்தல் வேண்டும். வெளியீட்டு எண் இல்லாத அமைவுக் கோப்பு, திகதியில்லாத கடிதம் போன்றது. பொதிகளின் பதிப்புகள் வெளியீட்டுக்கு வெளியீடு மாறுபடும்.

இணைய வசதி குறைந்த இடங்களுக்கு ஒரு குறிப்பு: 'மேக் சோர்ஸ்' என்ற கட்டளை, தேவையான மூலநிரல்கள் யாவற்றையும் தொகுக்காமல் பதிவிறக்கி மாத்திரம் வைக்கும். ஹோஸ்ற் பொதிகளின் மூலநிரல்களும் இதில் அடங்கும். அக்கோப்புறையைப் பளிச்சீட்டு நினைவகம் ஒன்றிலே நகலிட்டு, இணையமில்லாத கணினிக்குக் கொண்டு செல்லலாம். பதிவிறக்கிய கோப்புகள் பழுதுபடவில்லை என்பதை அவற்றுக்குரிய சரிபார்ப்பு எண் கொண்டு பில்ட்றூட் சோதிக்கும்.

மின்தடை ஏற்பட்டாலும் முழுவதையும் மீளத் தொடங்கத் தேவையில்லை. ஒவ்வொரு பொதியிலும் பதிவிறக்கல், விரித்தல், அமைத்தல், தொகுத்தல், நிறுவல் ஆகிய ஒவ்வொரு கட்டமும் முடிந்தவுடன் அடையாளக் கோப்பு ஒன்று வைக்கப்படும். மீண்டும் 'மேக்' என இட்டால் அடையாளம் உள்ள கட்டங்கள் தவிர்க்கப்பட்டு, மிகுதி தொடரும்.

8. தெரிவை மாற்றிய பின் செய்ய வேண்டியவை

மேற்கூறிய அடையாளக் கோப்பு முறையில் ஒரு நன்மை இருப்பது போல ஓர் இடரும் உண்டு. ஹோஸ்ற் பைதனை ஒருமுறை ஆக்கிவிட்டீர்கள். பின்னர் எஸ்எஸ்எல் உட்தெரிவைச் சேர்க்கிறீர்கள். 'மேக்' இட்டால் என்ன நடக்கும்? "பைதன் ஆக்கப்பட்டுவிட்டது" என்ற அடையாளம் இருப்பதால் அது மீள ஆக்கப்படாது. புதிய தெரிவு அமைவுக் கோப்பில் இருக்கும், ஆனால் கருவியில் இராது.

அவ்வாறே ஒரு பொதியின் தெரிவை நீக்கினாலும், ஏற்கெனவே நிறுவப்பட்டது தானாக அழியாது.

இதற்கு இரு தீர்வுகள் உள. குறித்த பொதியை மாத்திரம் துப்புரவாக்கி மீள ஆக்கலாம். அல்லது 'மேக் கிளீன்' இட்டு முழுவதையும் அழித்து முதலிலிருந்து ஆக்கலாம். முதலாவது விரைவானது. ஆனால் அப்பொதியிலே தங்கியுள்ள பிற பொதிகளை அது கவனிக்காது. இரண்டாவது நேரமெடுக்கும், ஆனால் ஐயமற்றது. பிறருக்குக் கையளிக்கும் முன் ஒருமுறையாவது முழுவதையும் அழித்து ஆக்கிப் பார்த்தல் நன்று. இயலுமாயின் வேறொரு கணினியில் ஆக்கிப் பார்த்தல் இன்னும் நன்று. பகுதி 6 இற் கூறிய மறைந்த குறை அப்போதுதான் வெளிப்படும்.

9. தானியங்கிச் சோதனை

பில்ட்றூட்டில் ஆயிரக்கணக்கான பொதிகள் உள. அவற்றின் சேர்மானங்கள் எண்ணிலடங்கா. எல்லாவற்றையும் மனிதர் சோதிக்க முடியாது. எனவே பல கணினிகள் இரவு பகலாக எழுமாறான அமைவுக் கோப்புகளை உருவாக்கி, அவற்றைத் தாமே ஆக்கிப் பார்த்து, வெற்றியா தோல்வியா என அறிக்கையிடுகின்றன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எழுமாறாகப் பிறந்த அமைவொன்று, ஆக்கக் கணினியிலே ஜாவா இருக்க வேண்டும் என்று கோரலாம். அக்கணினியிலே ஜாவா இல்லாவிடின் ஆக்கம் தோல்வியடையும். அது பொதியின் குறையா? இல்லை, கணினியின் குறை. இரண்டையும் கலந்தால் அறிக்கை பயனற்றுப் போகும். ஆதலால் எழுமாறு அமைவை உருவாக்கும் செய்நிரல் முதலிலே ஒரு நிபந்தனையைச் சோதிக்கிறது. அதன் போலிக் குறிமுறை வருமாறு:

மீள்செய்
  எழுமாறான அமைவொன்றை உருவாக்கு
வரை (அமைவு கோரும் கருவிகள் யாவும் இக்கணினியில் உள்ளன)
அமைவை ஆக்கு
விளைவை அறிக்கையிடு

தெரிவு, மீள்செயல் ஆகிய கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகளை நீங்கள் படித்தது இத்தகைய வேலைகளுக்கே. நிபந்தனை எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதைக் கவனியுங்கள். அது ஆக்கத்துக்கு முன்னே உள்ளது. பின்னே வைத்திருந்தால் மணிக்கணக்கான வேலை வீணாகியிருக்கும்.

10. நினைவிற் கொள்ள வேண்டியவை

1. ஒரு பொதி ஹோஸ்ற் வகையா, டார்கெற் வகையா என்பதை அது இயங்கும் இடம் தீர்மானிக்கும்.
2. குறுக்குத் தொகுப்பான் ஆக்கக் கணினியில் இயங்கி, இலக்குக் கருவியின் பொறிமொழியைத் தரும்.
3. எழுதப்பட்ட தங்கியிருத்தலைக் கணினி அறியும். எழுதப்படாததை நாமே தெரிவு செய்ய வேண்டும்.
4. தற்செயலாக வரும் வெற்றி, வெளிப்படையான தோல்வியிலும் தீங்கானது.
5. அமைவுக் கோப்பையும் வெளியீட்டு எண்ணையும் சேர்த்தே பேண வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

பகுதி அ – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. பின்வருவனவற்றுள் இலக்குக் கருவியோடு செல்வது எது?
(1) குறுக்குத் தொகுப்பான் (2) ஜென்இமேஜ் (3) நீர்மட்டத்தை அளக்கும் செய்நிரல் (4) எம்ரூல்ஸ்

2. ஆக்கிய ஹோஸ்ற் பொதியின் உட்தெரிவை மாற்றி 'மேக்' இட்டபோது மாற்றம் ஏற்படவில்லை. காரணம்,
(1) முறைவழியாக்கி பழுது (2) முன்னைய அடையாளக் கோப்பு உள்ளமை (3) இணையமின்மை (4) நினைவட்டை நிரம்பியமை

பகுதி ஆ – அமைப்புக் கட்டுரை வினா

3. (i) ஆக்கக் கணினி, இலக்குக் கருவி என்பவற்றை வேறுபடுத்துக. (2 புள்ளிகள்)
(ii) பைதன் மொழியில் எழுதிய செய்நிரலைத் தொகுக்கத் தேவையில்லை. ஆயினும் அதனைக் கருவியில் இயக்கக் குறுக்குத் தொகுப்பான் தேவைப்படுவது ஏன்? (3 புள்ளிகள்)
(iii) ஓர் அமைவுக் கோப்பு ஒரு கணினியில் வெற்றியாகவும் மற்றொன்றில் தோல்வியாகவும் முடிகிறது. இதற்கான ஒரு காரணத்தையும் தீர்வையும் தருக. (5 புள்ளிகள்)

விடைக் குறிப்புகள்

1. (3)  2. (2)

3. (i) மென்பொருள் ஆக்கப்படும் கணினி ஆக்கக் கணினி. ஆக்கிய மென்பொருள் இயங்கும் கருவி இலக்குக் கருவி.

(ii) பைதன் செய்நிரலை இயக்குவது பைதன் மொழிமாற்றி. அம்மொழிமாற்றி தானும் ஒரு செய்நிரல். அது கருவியின் பொறிமொழியில் இருத்தல் வேண்டும். எனவே அதனைக் குறுக்குத் தொகுப்பானாலே தொகுக்க வேண்டும்.

(iii) தேவையான ஹோஸ்ற் பொதியொன்று அமைவுக் கோப்பிலே தெரியப்படவில்லை. முதற்கணினியில் அக்கருவி ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தமையால் வெற்றி கிடைத்தது. மற்றையதில் அது இல்லை. தீர்வு: அப்பொதியை அமைவுக் கோப்பிலே தெரிவு செய்து, சுருக்கக் கோப்பாகச் சேமித்து, முழுவதையும் அழித்து மீள ஆக்கிச் சரிபார்த்தல். ("மற்றக் கணினியிலும் அக்கருவியை நிறுவுதல்" என்று மாத்திரம் எழுதினால் முழுப் புள்ளி கிடையாது. அடுத்த கணினியிலும் அதே குறை தோன்றும் என்பதை நினைவிற் கொள்க.)